பத்துத்தலையான் காவல் காக்கும் ஊரில்: பாங்காக் நாட்குறிப்பு

பிப்ரவரி 11, 2025, செவ்வாய். சீலோம், மாலை

ஊரில் இன்று தைப்பூசம். பாங்காக்கில் குளிர்காலத்தின் கடைசி வாரங்கள் என்கிறார்கள். ஆனால் மாலை ஆறு மணிக்கும் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்கிறது. இதைக் குளிர்காலம் என்று சொல்ல சென்னைக்காரர்களுக்கு மட்டுமே மனசு வரும்.

சீலோம் சாலையும் பான் சாலையும் சேரும் மூலையில் மாரியம்மன் கோயில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே குடியேறிய தமிழர்கள் கட்டியது. தாய்லாந்துக்காரர்கள் இதை ‘வாட் கேக்’ என்கிறார்கள். வாட் என்றால் கோயில், கேக் என்றால் விருந்தாளி. இந்தியர்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் பழைய பெயர் அது. கோபுரம் நம்மூர்க் கோபுரம்தான், ஆனால் வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்து மக்கள். எதிர்க் கடைகளில் தேங்காய், வாழைப்பழம், சாமந்தி மாலை, ஊதுவத்தி எல்லாம் ஒரே தட்டில் அடுக்கித் தயாராக விற்கிறார்கள். கல்லூரிப் பெண்கள் நெற்றியில் குங்குமத்தோடு வெளியே வந்து, படியிலேயே நின்று கைப்பேசியில் சரிபார்த்துக்கொள்கிறார்கள். உள்ளே படம் எடுக்கக்கூடாது. எடுத்தால் காவலாளி வந்து அழிக்கச் சொல்வார்.

இரவுச் சாப்பாட்டில் முதல் சறுக்கல். எங்கள் இருவரில் சைவம் சாப்பிடுபவர் ஒருவர், முட்டை சாப்பிடுபவர் ஒருவர். முட்டை போட்ட வறுத்த சோறு கேட்டதற்குக் கோழி போட்டு வந்தது. தப்பு கடைக்காரர் மேல் இல்லை, தமிழ் நாக்கின் மேல்தான். நாம் ‘கை’ என்று சொன்னால் அவர்கள் காதில் அது கோழி. முட்டைக்கு அதே ஒலிதான், ஆனால் இந்தியில் ‘க்ஹ’ என்பார்களே, அந்த மாதிரி மூச்சை வெளியே தள்ளிச் சொல்ல வேண்டும். வராவிட்டால் முட்டையைக் கையால் காட்டிவிடுங்கள், கௌரவம் ஒன்றும் குறையாது. சைவத்துக்கு இன்னொரு வழி இருக்கிறது. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில், பார்வைக்கு 17 என்று எழுதியது போல் ஓர் எழுத்து இருந்தால் அது ‘ஜே’ கடை. இறைச்சி, மீன், முட்டை, பால் மட்டுமல்ல, பூண்டு வெங்காயம்கூடக் கிடையாது. மற்றக் கடைகளில் காய்கறி மட்டும் என்று சொன்னாலும் மீன் சாறு ஊற்றத்தான் செய்வார்கள். அவர்களுக்கு அது உப்பு மாதிரி, மாமிசக் கணக்கில் வராது. ‘மாய் சாய் நாம் ப்லா’ என்று தனியாகச் சொல்ல வேண்டும். சிப்பிச் சாற்றுக்கு இன்னொரு தடவை சொல்ல வேண்டும்.

நாளைக்கு வழிகாட்டி ஏற்பாடு. முகவர் ஒருவர் இருவருக்கும் சேர்த்து 1,200 பாட் என்றார். ஒரு பாட் அப்போது ஏறக்குறைய இரண்டரை ரூபாய். மலிவாக இருக்கிறதே என்று அட்டவணையை வாங்கிப் பார்த்தால் நடுவில் ‘ரத்தினக்கல் காட்சியகம், 45 நிமிடம்’ என்று இருந்தது. மீதிக் கட்டணத்தை அந்தக் கடை கொடுக்கிறது என்று பொருள். நாம் அங்கே ஒன்றும் வாங்காவிட்டால் மதியத்துக்கு மேல் வழிகாட்டியின் முகம் சுருங்கிவிடும். கடை நிறுத்தமே இல்லாமல், உரிம அட்டை உள்ள ஒருவரை நேரடியாகப் பிடித்தால் 2,800 பாட். நுழைவுச் சீட்டும் சாப்பாடும் தனி. வழிகாட்டி வேலை இங்கே தாய்லாந்துக் குடிமக்களுக்கு மட்டுமே சட்டப்படி உண்டு. கழுத்தில் அட்டை தொங்க வேண்டும். தொங்காதவரோடு அரண்மனைக்குப் போகாதீர்கள்.

பிப்ரவரி 12, புதன். மாக பூச்சா

காலை 7.45, சனாம் சாய் நிலையம்

தைப்பூசத்துக்கு மறுநாள் பௌர்ணமி, இங்கே ‘மாக பூச்சா’. நம் மாக பூஜைதான். முன்கூட்டிச் சொல்லி வைக்காமல் 1,250 பிக்குகள் புத்தர் முன் தாமாகவே கூடிய நாள் என்பது ஐதீகம். அரசு விடுமுறை. நாள் முழுக்க மது விற்பனை கிடையாது, கடைகளில் பீர் அலமாரிக்குத் திரை போட்டிருக்கிறார்கள்.

வழிகாட்டி ஐம்பது வயதை ஒட்டிய அம்மா. கை கூப்பியதும் அவர் கேட்ட முதல் கேள்வி வயது. வம்புக்குக் கேட்கவில்லை. மூத்தவரை ‘பீ’ என்றும் இளையவரை ‘நோங்’ என்றும் கூப்பிட வேண்டும், அதற்காகத்தான். அக்கா, தம்பி மாதிரிதான். பிறகு நாள் முழுக்க ‘பீ’ என்று கூப்பிட்டதில் அவருக்குத் தனி மகிழ்ச்சி.

நிலையத்திலிருந்து அரண்மனையின் வடக்கு வாசல் வரை மதிலை ஒட்டி ஒரு கிலோமீட்டர் நடை. பாங்காக்கின் புகழ்பெற்ற ஏமாற்று வேலை நடப்பது இந்த நடைபாதையில்தான். சட்டையை நேர்த்தியாகப் போட்டவர் ஒருவர் புன்னகையோடு வந்து, ‘இன்று புத்தர் திருநாள், அரண்மனை ஒரு மணிக்குத்தான் திறக்கும், அதுவரை 20 பாட்டுக்கு டுக்டுக்கில் நாலு கோயில் பார்க்கலாம்’ என்பார். டுக்டுக் என்பது நம்மூர் ஆட்டோ மாதிரி. 20 பாட்டுக்கு ஊர் சுற்ற எந்த டுக்டுக்கும் வராது. ரத்தினக் கடைக்கோ தையல் கடைக்கோ ஆள் கொண்டுவந்து விட்டால் ஓட்டுநருக்கு எரிபொருள் சீட்டு கிடைக்கும். மற்ற நாளில் இது முழுப் பொய், இன்று பாதி உண்மை: திருநாள் நிஜம், மூடியிருப்பது பொய். அதனால்தான் இன்று நிறையப் பேர் அந்த வண்டிகளில் ஏறிக்கொண்டிருந்தார்கள். வாசல் வரை நடந்து போய்க் கண்ணால் பாருங்கள், அதற்கு மேல் உபாயம் தேவையில்லை. சனாம் லுவாங் மைதானத்துப் பக்கம் புறாவுக்குச் சோளம் என்று பொட்டலத்தைக் கையில் திணித்தால் வாங்காதீர்கள். புறா தின்று முடித்ததும் நூறு பாட் கேட்பார்கள்.

8.30, அரண்மனையும் மரகத புத்தரும்

நுழைவு 500 பாட். தாய்லாந்து மக்களுக்கு இலவசம். முதலாம் ராமன் என்ற அரசர் 1782-இல் தலைநகரைச் சாவோ ப்ராயா ஆற்றின் இந்தக் கரைக்கு மாற்றியபோது கட்டத் தொடங்கிய வளாகம். உடைக் கட்டுப்பாடு கண்டிப்பானது: கை இல்லாத சட்டை, அரைக்கால் சட்டை, கிழிசல் ஜீன்ஸ், ஒட்டிய லெக்கிங்ஸ் எதுவும் ஆகாது. நீளக் குர்தாவுக்குக் கீழே போட்ட லெக்கிங்ஸ் கூடாதா என்று கேட்டால், கூடாது. நம் பெண்கள் அதிகம் மாட்டுவது இதில்தான். எதிர்க்கடையில் யானை அச்சுக் கால்சட்டை 150 பாட், அதையே மேலே மாட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. குர்தாவுக்குக் கீழே தொளதொள பேண்ட் போட்டு வந்திருந்தால் அந்தக் காசு மிச்சம்.

முக்கால்வாசிப் பேர் உள்ளே போனதும் நேராக மரகத புத்தர் சன்னிதிக்கு ஓடுகிறார்கள். ‘பீ’ எங்களை வலப்பக்கம் திருப்பினார், சுற்றுப் பிரகாரத்துக்கு. இவருக்குக் கொடுத்த பணத்தில் பாதி அந்த ஒரு திருப்பத்துக்கே சரியாகப் போயிற்று. பிரகாரச் சுவர் முழுக்க ராமாகியன், அதாவது தாய்லாந்து ராமாயணம், 178 ஓவியப் பகுதிகளாக ஓடுகிறது. வடக்கு வாசலில், கூர்முடி விகாரைக்கு எதிரில் தொடங்கி வலம் வர வேண்டும். இடமாக வந்தால் பட்டாபிஷேகத்தில் தொடங்கி ஜனகர் ஏர் உழுவதில் முடியும். பெரும்பாலோர் அப்படித்தான் பார்க்கிறார்கள், எந்தப் பக்கம் எது என்று தெரியாமல்.

ஒன்பது மணிக்குள் அங்கே இருந்தால் பிரகாரம் கிட்டத்தட்ட காலி. தங்க ரேக்கில் காலை வெளிச்சம் சாய்வாக விழும். பத்தரைக்குப் பேருந்துக் கூட்டம் வந்துவிட்டால் தலைகள்தான் தெரியும். 178-ஐயும் பார்க்க முடியாது, பார்க்கவும் வேண்டாம். நமக்குத் தெரிந்த கதை எங்கே வேறு பாதை எடுக்கிறது என்று மட்டும் பாருங்கள். இங்கே சீதை ராவணனுக்குப் பிறந்த மகள். அனுமன் வெள்ளை நிறம், பிரம்மச்சாரி அல்ல. விபீஷணன் ‘பிபேக்’, ஜோசியன்.

நெடுநேரம் நிற்க வேண்டிய ஓர் இடம் உண்டு. ஒரு பெரிய வெள்ளைக் குரங்கு வாயைத் திறந்து, உள்ளே ஒரு மண்டபத்தையே வைத்துக்கொண்டிருக்கிறது. மண்டபத்துக்குள் ராமன். பாட்டி சொன்ன மயில்ராவணன் கதைதான் இது. வால்மீகியில் கிடையாது, கம்பனிலும் கிடையாது, நம்மூர்த் திண்ணைக் கதையில் உண்டு. அங்கே அனுமன் வாலைச் சுருட்டிக் கோட்டை கட்டுவான், மயில்ராவணன் விபீஷணன் வேடத்தில் வந்து உள்ளே நுழைவான். இங்கே அனுமன் வாய்தான் கோட்டை. ‘மையராப்’ குழலில் மயக்கப்பொடியை வைத்து ஊதி எல்லாரையும் தூங்க வைத்துவிட்டு ராமனைப் பாதாளத்துக்குத் தூக்கிப் போகிறான். அடுத்த சுவரில் அனுமனும் மீன்வால் கொண்ட அவன் மகனும் சண்டை போடுகிறார்கள், அப்பன் பிள்ளை என்று தெரியாமல். நாங்கள் நம்மூர்ப் பாடத்தைச் சொல்லச் சொல்ல ‘பீ’ குறிப்பேட்டை எடுத்துக்கொண்டார். வால் கோட்டை அவருக்குப் புதிது.

வாசல்களில் இரண்டிரண்டாக ஆறு ஜோடி அரக்கர்கள், கதாயுதம் ஊன்றி நிற்கிறார்கள். அதில் பச்சை நிறத்தவன் ‘தொட்சகன்’. தசகண்டன் என்ற பெயர் இவர்கள் வாயில் அப்படி ஆகியிருக்கிறது. பத்துத் தலையும் பக்கவாட்டில் விரியாமல், கிரீடம் போல் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறியிருக்கிறது. ராவணன் இங்கே புத்தருக்குக் காவல்காரன். நம்மூரில் பொம்மலாட்டத்தில்கூட அவனுக்கு இந்த வேலை கிடைத்ததில்லை.

சன்னிதிக்குள் கடைசியாகப் போனோம். உயரப் பீடத்தில் 66 சென்டிமீட்டர் சிலை. பெயர்தான் மரகதம், கல் பச்சை ஜேட். 1779-இல் வியன்தியானிலிருந்து படையெடுத்துக் கொண்டுவந்தது. கோடை, மழை, குளிர் என்று மூன்று பருவத்துக்கும் மூன்று உடை, மாற்றுவது அரசரின் வேலை. இப்போது குளிர்கால உடை, உடம்பு முழுக்கத் தங்க வலைப் போர்வை. காலை மடித்துப் பின்னால் வைத்து உட்கார வேண்டும். பாதம் புத்தரை நோக்கி நீண்டால் காவலர் தோளைத் தட்டுவார். வாசற்படியை மிதிக்காமல் தாண்ட வேண்டும், அது நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

சீட்டின் அடித்துண்டைக் குப்பையில் போடாதீர்கள். சாலா சலெர்ம்க்ருங் அரங்கில் ‘கோன்’ முகமூடி நாடகத்துக்கு அதுவே அனுமதிச் சீட்டு, ஏழு நாள் செல்லும். இன்று விடுமுறை என்பதால் ஆட்டம் இல்லை.

11.15, வாட் போ

தெற்கே பத்து நிமிட நடை. 300 பாட், ஒரு குடிநீர் பாட்டில் சேர்த்து. அந்த நேரத்து வெயிலில் பாட்டில்தான் கண்ணுக்குத் தெரிகிறது. சயன புத்தர் 46 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரம். கட்டடம் சிலையைச் சுற்றி இறுக்கிக் கட்டியது போல் இருப்பதால் முழுவதையும் ஒரே படத்தில் பிடிக்க இடமில்லை. பாதத்தின் பக்கம் போய்ப் பாருங்கள்: கருப்புப் பூச்சில் முத்துச்சிப்பி பதித்து 108 மங்கலக் குறிகள். பின்பக்கம் 108 வெண்கலக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். 20 பாட்டுக்குச் சில்லறைக் காசு ஒரு கிண்ணம் வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட்டுக்கொண்டே போக வேண்டும். பின்னால் நாணயம் விழும் சத்தம், முன்னால் யாரும் பேசாத அமைதி. நமக்குக் காசு தொண்ணூறிலேயே தீர்ந்துவிட்டது, கடைசிக் கிண்ணங்களுக்குப் பக்கத்தில் வந்த மூதாட்டி தன் பங்கிலிருந்து அள்ளிக் கொடுத்தார்.

தாய் மசாஜின் பாடப்புத்தகம் இந்தக் கோயில் சுவர்தான். மூன்றாம் ராமன் காலத்தில் மருத்துவம், நரம்புப் பாதை, செய்யுள் எல்லாவற்றையும் சலவைக்கல்லில் வெட்டி வைத்தார்கள். வளாகத்திலேயே பயிற்சிப் பள்ளி நடக்கிறது. ஒரு மணி நேரம் ஏறக்குறைய 500 பாட். தெருவோரக் கடையில் இதைவிட மலிவு, ஆனால் இங்கே முட்டியையும் முழங்கையையும் எங்கே வைப்பது என்று தெரிந்தவர்கள் கைவைப்பார்கள். சாப்பிட்டவுடன் படுக்காதீர்கள், வயிற்றிலும் அழுத்துவார்கள். வலித்தால் ‘பாவ் பாவ்’, மெதுவாக என்று அர்த்தம்.

மதியம், தா தியென் படித்துறை

தேங்காய் ஓட்டில் ஐஸ்கிரீம் 50 பாட், மேலே வறுத்த வேர்க்கடலை, ஒட்டரிசி. மாம்பழ ஒட்டரிசி 120 பாட். மாம்பழ சீசன் இன்னும் சூடு பிடிக்கவில்லை, பழம் கொஞ்சம் புளித்தது. ஏப்ரலில் வருபவர்கள் கொடுத்து வைத்தவர்கள். ஒட்டரிசியில் ஊற்றும் தேங்காய்ப்பாலில் ஒரு சிட்டிகை உப்பு இருக்கிறது, அந்த உப்புதான் சூட்சுமம். வீட்டில் செய்து பார்க்கிறவர்கள் விட்டுவிடுவது அதைத்தான்.

இந்தத் துறை ஏன் வெட்டவெளியாக இருந்தது என்பதற்கு ஒரு கதை. இக்கரை வாட் போவின் பூதம் அக்கரை வாட் அருணின் பூதத்திடம் கடன் வாங்கியது. தவணைக்குத் திருப்பித் தரவில்லை. கேட்க வந்த இடத்தில் கைகலப்பு. இரண்டும் மிதித்த மிதியில் ஒரு மரம்கூட மிஞ்சாமல் இடம் மொட்டையாகிவிட்டது. அக்கரைப் பூதங்கள் யார் தெரியுமா? பச்சைத் தொட்சகனும் வெள்ளைச் சகசதேஜனும். கடன் பட்டார் நெஞ்சம் போல் கலங்கியவனாகத்தான் நமக்கு இலங்கை வேந்தனைத் தெரியும். இங்கே அவன் கடன் கொடுத்தவன்.

2.00, வாட் அருண்

படகுக்கு 5 பாட், மூன்று நிமிடம். படகிலிருந்து மிதவைக்குக் கால் வைக்கும்போது இரண்டும் எதிரெதிராக ஆடும், பெரியவர்களைக் கடைசியில் இறக்குங்கள். கோயிலுக்கு 200 பாட். அருணன் பெயரில் உள்ள கோயில், விடியலில் அழகு என்பார்கள். உண்மையில் மாலையில் எதிர்க்கரையிலிருந்து பார்ப்பதுதான் அழகு. நடுக்கோபுரம் முழுக்கச் சீனப் பீங்கான் சில்லுகளால் பூவும் இலையுமாக இழைத்தது. கிட்டே போனால் ஒரு பூவிதழ் சாஸரின் விளிம்பு, நடுமொட்டு ஒரு கிண்ணத்தின் அடி என்று அடையாளம் தெரிகிறது.

படிகள் செங்குத்து. ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். ஏறுவது எளிது, இறங்கும்போது பக்கவாட்டில் திரும்பி, கைப்பிடியைப் பிடித்து, ஒரு படிக்கு ஒரு கால் என்று வர வேண்டும். இறங்கும்போதுதான் 150 பாட் யானைக் கால்சட்டை கவட்டில் ‘டர்’ என்றது. அந்தத் துணியில் ஒற்றைத் தையல்தான் போடுகிறார்கள். வாங்கும்போதே கவட்டைப் பிரித்துப் பார்த்து இழுத்துப் பாருங்கள். உள்ளே லெக்கிங்ஸ் இருந்ததால் மானம் தப்பியது. தாலியில் கோத்திருந்த ஊக்கு இரண்டு வெளியே வந்தன. இதைப் பார்த்த ஆடை வாடகைக் கடைப் பெண் சிரிக்கவில்லை, தானாக எழுந்து வந்து ஒரு துண்டுத் துணியை இடுப்பில் கட்டிவிட்டார். காசு வேண்டாம், போகும்போது கொடுத்தால் போதும் என்றார். அந்தக் கடையில் தாய்ப் பாரம்பரிய உடை வாடகை 200 பாட்டிலிருந்து தொடக்கம். வளாகத்தில் பாதிப் பேர் அரசிளங்குமரிகளாகத் திரிகிறார்கள்.

4.15, பெரிய ஊஞ்சல்

சாவோ சிங் சா. உயரமான சிவப்புத் தேக்குத் தூண்கள், ஊஞ்சல்தான் இல்லை. 1784-இல் முதலில் நட்டது, இப்போதிருப்பது 2007-இல் புதுப்பித்தது. ஆடவர் நின்றபடி உந்தி ஆடி, மூங்கில் உச்சியில் கட்டிய காசுப் பையைப் பல்லால் கவ்வ வேண்டும். 1935-இல் நிறுத்திவிட்டார்கள். அந்தத் திருவிழாவின் பெயர் ‘த்ரியம்பவாய்’. வாயில் சொல்லிப் பாருங்கள்: திருவெம்பாவை. பக்கத்தில் தேவஸ்தானம் என்ற இந்துக் கோயிலில் அரண்மனைப் பிராமணர்கள் இன்றும் குளிர்காலத்தில் அந்தச் சடங்கைச் செய்கிறார்கள். திருவெம்பாவையும் திருப்பாவையும் ஓதப்படுகின்றன, ஓதுபவர்களுக்குப் பொருள் தெரியாத அளவுக்கு ஒலி மாறிப்போய்.

சுற்றுத் தெருவில் புத்தர் சிலைக் கடைகள். மஞ்சள் நெகிழி வாளிக்குள் சோப்பு, பற்பசை, தேயிலை, துண்டு, விளக்கு வைத்து மேலே கண்ணாடித்தாள் சுற்றிய பிக்கு தானப் பொதிகள் இன்று சூடாகப் போகின்றன. சிலை வாங்கினால் நுண்கலைத் துறை அனுமதி இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது.

7.00, பளிங்குக் கோயில்

‘பீ’யின் வேலை ஐந்து மணியோடு முடிந்தது, 400 பாட் அன்பளிப்போடு. இது ஒப்பந்தத்தில் இல்லை, ‘நான் எப்படியும் போகிறேன், வருகிறீர்களா’ என்று கேட்டு அழைத்துப் போனார். ஐந்தாம் ராமன் இத்தாலியப் பளிங்கில் கட்டியது. பழைய ஐந்து பாட் நாணயத்தின் பின்பக்கம் இருப்பது இதுதான். வாசலில் ஒரு தாமரை மொட்டு, மூன்று ஊதுவத்தி, ஒரு மெழுகுவர்த்தி சேர்ந்த கட்டு 20 பாட். கூப்பிய கைக்குள் மூன்றையும் பிடித்துக்கொண்டு சன்னிதியை மூன்று முறை வலம் வர வேண்டும். புத்தருக்கு ஒன்று, தருமத்துக்கு ஒன்று, சங்கத்துக்கு ஒன்று.

மெழுகுவர்த்தியின் நடுவில் ஒரு வட்டத் தாளைக் கோத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் உருகிய மெழுகு நேராகக் கட்டைவிரலில். சுடரை உடம்பை ஒட்டிப் பிடித்தால் காற்றில் அணையாது, ஆனால் முன்னால் போகிறவர் கூந்தலைக் கவனிக்க வேண்டும். இரண்டாம் சுற்றில் அணைந்தது. கேட்கவே வேண்டியிருக்கவில்லை, பக்கத்தில் வந்த பள்ளிப்பையன் தன் திரியைச் சாய்த்தான். மேலே முழு நிலா. ஆயிரம் பேர் இருக்கும், செருப்புச் சத்தமும் மெதுவான ஓதலும் தவிர வேறு ஒலி இல்லை.

பிப்ரவரி 13, வியாழன்

அரண்மனையிலிருந்து அரங்குக்கு இலவச வண்டி. கோன் அரை மணி நேரம்கூட இல்லை. அரக்கர், குரங்குகளுக்கு முகமூடி உண்டு, ராமனுக்கும் சீதைக்கும் கிடையாது. ஆடுபவர் பேச மாட்டார், பாட்டும் வசனமும் ஓரத்திலிருந்து வரும். குரங்கு வேடக்காரர் சும்மா நிற்கும் நேரத்தில்கூட விலாவைச் சொறிந்துகொண்டிருந்தார், அதற்கே கைதட்டலாம். அரங்கில் பாதி இருக்கை காலி. சீட்டைக் கிழித்துப் போட்டவர்களின் இடங்கள்.

சுவர்ணபூமி விமான நிலையத்தில், இரவு. புறப்பாட்டு மண்டபத்தில் அரண்மனை அரக்கர்களின் நகல்கள் வரிசையாக நிற்கிறார்கள். பச்சைத் தொட்சகன் காலடியில் மதுரைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று தராசு வைத்துப் பெட்டி எடை பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்றரைக் கிலோ கூடுதல். பெரியவர் பெட்டியைத் திறந்து யானைக் கால்சட்டை ஆறு எடுத்துக் கைப்பைக்கு மாற்றினார்.